கடலைப் பார்த்து நகர்ந்த வீடு

2005ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில், ஸகியாவின் கல்வீடு கடலை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. அடுப்பில் இருந்த சோற்றுப்பானை அசையவில்லை. அதற்கு முதல் நாள்தான் உத்தியோகத்தர்கள் வந்து, கடலிலிருந்து இருநூறு மீற்றர் அளந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு வந்த சட்டம் அது. கல்லுக்குக் கடற்பக்கம் இருந்தவர்கள் இனி அங்கே கட்டக்கூடாது, அவர்களுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் நிரப்பிப் புதுவீடு. இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் திருத்த வேலைக்குக் கொஞ்சம் சீமெந்து, அவ்வளவுதான். மீராசா என்பவர் தன் வளவை இரண்டாக்கி வீதிப்பக்கத்தை மூத்த மகள் ஸகியாவுக்கும் கடற்பக்கத்தை இளையவள் றிப்னாவுக்கும் சீதனமாக எழுதியபோது போட்ட வேலியில்தான் கல் விழுந்தது. ஸகியாவின் சுவர் அதிலிருந்து எட்டு முழம் தள்ளி நின்றது.

றிப்னாவின் வீட்டில் கடல் அத்திவாரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஸகியாவின் வீட்டில் கூரையையும் அவள் புருஷனையும் கொண்டுபோனது. மிஞ்சியது மூன்று பெண்பிள்ளைகளும் வெடித்த சுவர்களும். மூத்தவளுக்கு றினாஸ் என்ற பையனைப் பேசியாகிவிட்டது. அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேருவார். ஆகவே வீடில்லாமல் நிக்காஹ் இல்லை என்று றினாஸின் உம்மா நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸகியா வேலியடியில் நின்று கல்லைப் பார்ப்பாள், பிறகு தங்கச்சியைப் பார்ப்பாள், வயிறு பற்றி எரியும்.

"தங்கச்சிக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ள. நாளைக்குப் பொண்டாட்டிமார்ர ஊட்டுக்குப் போறவனுகள். இவளுக்கு என்னத்துக்கு ஊடு?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கதைப்பாள். அப்படி எரிந்த ஒவ்வொரு நாளும் வீடு கொஞ்சம் நகர்ந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அருளம்பலம். மூன்று தரம் அளந்து, நாடா பழுதென்று புது நாடா வாங்கி, பிறகு வீடுதான் பழுதென்று ஒப்புக்கொண்டார். "தங்கச்சி, இத நிப்பாட்டேலாதா?" என்று கேட்டார். "நான் தள்ளல்லயே சேர்," என்றாள் ஸகியா. விஷயம் சபைக்கூட்டத்துக்குப் போனது. வீடு கட்டவும் கூட்டவும் இடிக்கவும் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. நகர்வதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதை விட்டால் நாளைக்கு ஊரே கடலுக்குப் போகும், பிறகு பிரதேசத் திட்டம் என்று ஒன்று எதற்கு என்று ஒரு உறுப்பினர் மேசையில் தட்டினார். மேலிடத்துக்கு எழுதினார்கள். எட்டு மாதம் கழித்து, வரைபடத்தின் மூன்று பிரதி அனுப்பும்படி பதில் வந்தது. வீடு நகர்ந்ததே தவிரத் திரும்பவில்லை, தொழும் திசையான கிப்லா மாறவில்லை என்பதால் பள்ளிவாசல் அதில் தலையிடவில்லை. மின்சாரக்காரர்கள் வருடம் ஒருமுறை வந்து வயரை நீட்டிக் கொடுத்தார்கள். கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் தண்ணீருக்கு நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போனது.

2006இல் சுவர் கல்லைத் தொட்ட அதே கிழமை சட்டம் மாறியது. எல்லை அறுபத்தைந்து மீற்றர் என்றார்கள், பழைய பட்டியலில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் வீடு என்றார்கள். ஸகியா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் றிப்னாவின் கையில் புதுவீட்டுத் திறப்பைக் கொடுத்தபோது, அந்த வீட்டில் மாபிள் பதித்திருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்ட பகலில் மட்டும் வீடு ஒரு முழம் பாய்ந்தது. போகப்போக அதன் முன்மண்டபம் வேலியைத் தாண்டி, றிப்னாவின் பழைய அத்திவாரத்தின் மேல் ஏறி நின்றது. றினாஸின் உம்மா வேறு பெண் பார்க்கத் தொடங்கினார்.

புதுவீட்டிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பட்டியல் போட்டவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, வீட்டு உறுதிப் பத்திரத்தை றிப்னாவின் புருஷன் காலிதீனின் பேரில் எழுதிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் பெண்சாதி வீட்டில் செருப்பைக்கூட ஓரமாகக் கழற்றி வைத்த மனுஷன், திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு "என்ட ஊடு" என்று கதைக்கப் பழகினார். கறியில் உப்புக் கூடிய ஒரு நாள், "விருப்பமில்லாட்டி வெளிய போ" என்றார். அந்தக் கரையில் பெண்சாதியைப் பார்த்து ஒரு புருஷன் இதைச் சொன்னது அதுதான் முதல் தரம் என்கிறார்கள்.

2009 வைகாசியில், யுத்தம் முடிந்ததென்று வானொலியில் சொன்ன வாரம், றிப்னா ஒரு சூட்கேசோடு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். தன் அத்திவாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"ராத்தா, உன்ட மண்டபம் என்ட வளவுக்குள்ள நிக்கிது."

"ஓம். நான் கூப்புடல்ல, அதா வந்திச்சு."

"அப்ப பாதி ஊடு எனக்கு." சூட்கேசை மண்டபத்தில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். "உன்ன நெனச்சி நெனச்சி எரிஞ்சிக்கிட்டுத்தான் அங்க கெடந்தன் ராத்தா. வெடிச்ச ஊடெண்டாலும் உன்ட பேர்ல இரிக்கி. உன்ன ஆரு வெளிய போகச் சொல்ற?"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள் என்று கேட்டதும் ஸகியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தங்கச்சிக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், சீனி கூடப் போட்டாள். அருளம்பலம் பத்து நாள் தொடர்ந்து அளந்தார். வீடு அசையவில்லை.

பதினோராம் நாள் காலிதீன் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மாபிள் வீட்டில் தனியே இருந்து பார்த்திருக்கிறார், முடியவில்லை. "திறப்ப ராத்தாட மூத்த மகளுக்கிட்டக் குடுங்க, அந்த ஊடு அவள்ட சீதனம். மறுகா உள்ள வாங்க," என்றாள் றிப்னா. உறுதியை மாற்றப் பத்து வருடம் செல்லும் என்று சட்டம் சொன்னது. திறப்பை மாற்ற ஒரு நிமிடம்தான் சென்றது. றினாஸின் உம்மாவுக்கு ஆள் போனது, அடுத்த மாதமே நிக்காஹ் நடந்தது.

பெண்ணை விடப் போன ஸகியா அன்றுதான் முதன்முதலாக அந்த வீட்டைக் கண்டாள். மாபிள் வழுவழுத்தது. குசினியில் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. மகள் கதிரையில் சாய்ந்து, "உம்மா, உக்காருங்களே" என்று தன் வீட்டுக்காரி குரலில் சொன்னாள். எத்தனை வருடம் எரிந்து வாங்கிய வீடு. ஆனாலும் பெற்ற மகள் மேலேயே ஸகியாவுக்கு வயிறு சுறுக்கென்றது.

மறுநாள் அஸருக்கு முன் அருளம்பலம் நாடாவை இழுத்துப் பிடித்து அளந்து, அலுவலகக் கோவையில் 'மேற்கே, வீதிப்பக்கம் ஒரு விரற்கடை' என்று எழுதினார். மகளின் வீடு அந்தத் திசையில் ஆறு மைல் தூரம். வீதியைக் கடக்கும் காலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம் என்று சபை முடிவெடுத்தது.

"ராத்தா, என்ட பாதியையும் இழுத்துக்கிட்டுப் போறா போல," என்றாள் றிப்னா.

ஸகியா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஒரு விரற்கடை என்றாலும் கிணறு கிட்ட வந்திருந்தது.