எண் இறங்கிய மாதங்கள்

ரத்தத்தின் எண் இறங்கினால் மகள் வருவாள் என்பது தாமோதரனுக்கு ஆகஸ்ட் மாதம்தான் தெரிந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் அந்த எண் இறங்கியதே இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்பு பெங்களூரில் அவர் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். உலோகம் பட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு பரிசோதனை. அதில் வரும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே போனால் ரத்தம் கசியும். கீழே போனால் வால்வில் கட்டி உட்காரும். அங்கிருந்து மூளைக்கும் போகலாம். டாக்டர் இதைச் சொன்னபோது பார்வதம்மாதான் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். புருஷனின் மாத்திரைகள் அவள் பொறுப்பு. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அவர், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போவார். லேபில் ஹரோல்ட் ரத்தம் எடுப்பான். ரிப்போர்ட்டை அவனே வாணியின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுவான். வாணி ஒரே மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. டாக்டருக்கு எண்ணைச் சொல்வது அவள். எண் சரியாக இருந்தால் அவளிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அந்த மாதத்துக்கு அவ்வளவுதான்.

ஆகஸ்டில் 1.7 என்று வந்தது. பத்து நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

"நைனா, மாத்திர போட்டியா இல்லியா?"

"போட்டேனே."

"மறந்துட்டு போட்டேன்னு சொல்றியா?"

"வந்து எண்ணிப் பாரு."

கோபத்தில் சொன்னதுதான். அவள் வந்துவிட்டாள். மறுநாள் காலை மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கினாள். அந்த நேரத்துக்கு ஊரே எதிர்த்திசையில் பெங்களூருக்குப் போய் முடிந்திருக்கும். அவள் வந்த பெட்டியில் வேறு ஆள் இல்லை.

மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் பரப்பி எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. டாக்டர் கீரையைப் பற்றிக் கேட்டாராம். பச்சைக் கீரையில் கே என்று ஒரு வைட்டமின் இருக்கிறது, அது இந்த மாத்திரைக்கு எதிரி என்றாராம். வாணி பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"ஆன்ட்டி, நைனாவுக்குக் கீரை ஏதாவது குடுத்துகினு இருந்தீங்களா?"

கிருஷ்ணம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆமாண்டி. உங்கப்பன கீரை வெச்சுக் கொல்றதுதான் எனக்கு வேல. பத்து நாளா கொழாயில தண்ணி வரல, கீரைக்கு நான் எங்கடி போறது? முப்பது வருசம் உங்கம்மா கையால துன்ன ஆளு, என் கீரைலயா சாவப் போறான்?"

"இல்ல ஆன்ட்டி, சும்மா கேட்டேன்."

"கேளு கேளு. அப்படியே ஒரு கிளாஸ் காப்பி குடிச்சிட்டு கேளு."

மூன்று நாள் இருந்தாள். ரசம் வைத்தாள். ஜன்னல் திரைகளைத் துவைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் சட்டை மேல் காதை வைத்துக் கேட்டாள். மூடிய டப்பாவுக்குள் கைக்கடிகாரம் ஓடுவதுபோல் வால்வு சத்தம் போட்டது. "நல்லாத்தான் ஓடுது, அப்புறம் இன்னா நோவு அதுக்கு?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரும் அவரைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். வாணி திங்கட்கிழமை விடிவதற்கு முன், ஊர் ஜனத்தோடு ஜனமாக வண்டி ஏறிப் போனாள். அந்த வாரம் தினமும் ஃபோன் செய்தாள்.

எண் இறங்கியது எதனால் என்று ஹரோல்ட்தான் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் திரும்ப ரத்தம் கொடுக்கப் போனபோது, தாமோதரன் மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அங்கிள், லிஃப்ட்ல வந்த மாதிரி வர்றீங்க? மூட்டு வலி எங்க போச்சு?"

"கேப்சூல் போட்டுகினு கீறேன். எலும்புக்கு."

"யார் குடுத்தது?"

"கிருஷ்ணம்மாக்கா."

ஹரோல்ட் ஊசியைக் கீழே வைத்தான்.

அந்த லைன் வீடுகளில் இது பழைய வழக்கம். சுரங்கக் கம்பெனியின் ஆஸ்பத்திரி நடந்த காலத்தில், மருந்துப் புத்தகம் வைத்திருக்கும் ஒருத்தர் வரிசையில் நின்று மருந்து வாங்கி வருவார். இருமுகிற எல்லா வீட்டுக்கும் அது பங்கு போகும். யாருக்கு எழுதியது என்று யாரும் கேட்டதில்லை. சுரங்கம் மூடி, ஆஸ்பத்திரி போய், ஆட்கள் வயதாகியும் பழக்கம் போகவில்லை. கறிவேப்பிலை போல மாத்திரையும் சுவர் தாண்டிப் போகும். கிருஷ்ணம்மாவுக்கு எலும்பில் பலம் இல்லையென்று அவள் மகன் ரவி ஆன்லைனில் ஒரு டப்பா வரவழைத்துக் கொடுத்திருந்தான். கேப்சூலின் தோல் மாட்டு எலும்பில் செய்தது என்று யாரோ சொல்ல, அவள் தொடவில்லை. சுவர் மேல் வைத்துவிட்டாள்.

"வெயில கேப்சூல்ல அடச்சு விக்கிறானாம் தாமு. உனக்குத்தான் இது. இருபது வருசம் சுரங்க லெவல்ல இருட்டுல கெடந்த. அப்புறம் பெங்களூர்ல வாட்ச்மேன் வேலன்னு விடியறதுக்கு முன்ன போயி இருட்டுனப்புறம் வந்த. நீ எங்க வெயில பாத்த?"

அது உண்மை. அவரும் போட்டுக்கொண்டார். அதை மாத்திரை என்றே அவர் நினைக்கவில்லை. வாணி கேட்டபோது மனதில் படவும் இல்லை.

ஹரோல்ட் சொல்லி, மறுநாள் டப்பாவை எடுத்துப்போய்க் காட்டினார். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தான். மூடிக்குக் கீழே ஒரு எலும்புப் படமும் ஒரு இதயப் படமும் இருந்தன.

"டி வைட்டமின் ஒண்ணும் பண்ணாது அங்கிள். அது வெயில் சத்து. கூட கே இருக்குது பாருங்க. சுண்ணாம்புச் சத்த ரத்தக் குழாய்ல ஒட்ட விடாம எலும்புக்கு அனுப்பும்னு சொல்லி சேர்த்துக் குடுக்கிறாங்க. எலும்புக்கு நல்லது, இதயத்துக்கு நல்லதுன்னு போட்டுக்கிறான். யார் இதயத்துக்கு? உங்க இதயத்துக்கு இது ஆவாது. ரத்தம் உறையக் கூடாதுன்னு நீங்க மாத்திர முழுங்குறீங்க. உறையறதுக்கு இது வேணும். கீரைல இருக்கிற அதே சாமான்."

"அப்படியா."

"இன்னைக்கே நிறுத்துங்க. வாணிகிட்ட நான் சொல்லிடறேன்."

"நானே சொல்றேன்" என்றார் தாமோதரன்.

நிறுத்தினார். சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தார். காரணம் தெரிந்துவிட்டால் அவள் ஃபோன் செய்ய வேலை இருக்காது. எண் ஏறியது. மாத்திரை பழைய அளவுக்கு வந்தது. செப்டம்பரில் 2.8. கட்டைவிரல் வந்தது. அக்டோபரில் 2.9. கட்டைவிரல் வந்தது.

தீபாவளிக்கு வருகிறேன் என்றிருந்தாள். முந்தின நாள் ஃபோன் செய்து, புருஷன் சரத்தின் அம்மா ஓசூருக்குக் கூப்பிடுகிறாள், கல்யாணம் ஆகி இதுவரை அங்கே ஒரு தீபாவளி கூட இருந்ததில்லை என்றாள். "போ, போ, நல்லபடியா போயிட்டு வா" என்றார். கிருஷ்ணம்மா வடையும் அதிரசமும் கொண்டுவந்து வைத்தாள். ரவி வந்திருந்ததால் அவளும் நிற்கவில்லை.

பண்டிகை கழிந்ததும் லைன் மறுபடி காலியாயிற்று. காலை வண்டி போனபின் ராத்திரி வண்டி வரும்வரை அங்கே கிழவர்களும் நாய்களும்தான். வெயில் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நகரும். பேச்சு இல்லாத வீட்டில் வால்வின் சத்தம் பெரிதாகக் கேட்டது. டிவியை ஓடவிட்டுப் பார்த்தார். அதற்கு அடியிலும் கேட்டது.

அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி டப்பாவை எடுத்தார். பத்து நாள் போதும். பத்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது. சுரங்கத்தில் தலைக்கு மேலே பாறை முனகும்போதும் இன்னும் ஒரு வண்டி நிரப்பிவிட்டு வரலாம் என்று நினைத்தவர்களை அவருக்குத் தெரியும். அவர்களில் சிலரின் உடலைத் தூக்கிக்கொண்டு, மேலே போகும் கேஜ் கூண்டில் ஏறியிருக்கிறார். தெரிந்தே முழுங்கினார்.

நவம்பரில் 1.9. கேப்சூலை அன்றே நிறுத்திவிட்டேன் என்று ஹரோல்டிடம் சொன்னார். வாணி வந்தாள். இந்த முறை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டே சமைத்தாள். மீட்டிங் நடுவில் அடுப்பை அணைக்க ஓடினாள். ஒருமுறை யாரோ அவளிடம் கத்துவது ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டது. அவள் "யெஸ், யெஸ்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாளில் போய்விட்டாள். போகும்போது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் பார்த்தார்.

பார்த்தும், நவம்பர் கடைசியில் மறுபடி டப்பாவைத் திறந்தார்.

டிசம்பரில் 1.5 என்று வந்தது. டாக்டர் விளையாட்டில்லை என்றார். எண் ஏறும்வரை காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போட வேண்டும். பெங்களூரில் வந்து படுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது கற்றுக்கொண்டு போடுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் கற்றுக்கொண்டு, ஊசிகளைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாணி வந்தாள். முதல் ஊசிக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குத்தாமலே இருந்தாள். குத்திய இடம் நீலமாகிவிட்டது. நீலத்தைப் பார்த்து அழுதாள். "வலிக்கவே இல்லம்மா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் பின்கட்டில் நின்று சரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். தாமோதரன் உள்ளே கட்டிலில் இருந்தார். சுவர் மெல்லியது.

"இல்ல சரத், பூனா புரமோஷன் வேணாம்னு மெயில் போட்டுட்டேன். யாரும் சொல்லல, நானேதான். நைனா நம்பர் நிக்கமாட்டேங்குது. அங்கேருந்து எப்படி ஓடியாறது? உனக்கும் அங்க மாத்தித் தரேன்னாங்க, தெரியும். தெரியும் சரத். நாலு வருசமா எதுக்குப் பாடுபட்டேன்னு எனக்கே தெரியாதா? விடு. இன்னொரு வாட்டி குடுத்தா குடுக்கட்டும்."

உள்ளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினாள். நேற்றுப் போலவே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சட்டைய தூக்கு நைனா."

அவர் தூக்கவில்லை.

"நம்பர் தானா எறங்கல" என்றார். "நான்தான் எறக்குனேன்."

அவள் ஊசியைப் பிடித்தபடி பார்த்தாள். அலமாரியில் பார்வதம்மாவின் புடவைகளுக்குப் பின்னால் டப்பா இருப்பதைச் சொன்னார். கிருஷ்ணம்மா கொடுத்ததைச் சொன்னார். ஹரோல்ட் சொன்னதையும், அதற்கு அப்புறம் இரண்டு தடவை தெரிந்தே எடுத்ததையும் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். நீட்டிச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

வாணி எழுந்து போய் டப்பாவை எடுத்துப் படித்தாள். திரும்பி வந்தாள். ஊசி அவள் கையிலேயே இருந்தது.

"செத்துப் போயிருப்பியே."

"ஆமா."

"கை கால் விழுந்து கெடந்திருப்ப. அதுக்கும் நான்தான் வந்திருக்கணும்."

அதற்கும் அவர் தலையை ஆட்டினார்.

"சட்டைய தூக்கு" என்றாள்.

தூக்கினார். சதையைக் கிள்ளினாள். குத்தினாள். இந்தமுறை தயங்கவில்லை. ஊசியை மூடித் தாளில் சுற்றினாள்.

"வாணின்னு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம் இல்ல? ஒண்டியா கீறேன், வான்னு."

"கூப்ட்டா வந்திருப்பியா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது, அம்மாவைப் போல.

"வந்திருக்க மாட்டேன்" என்றாள். "லீவு இல்லன்னு சொல்லியிருப்பேன். இல்லாம இருந்திருக்கும்."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம். கிருஷ்ணம்மா எவளையோ திட்டினாள்.

"நான் போறேன் நைனா. பூனாவுக்கு. மெயில திருப்பி வாங்கிக்கிறேன்னு கேக்கப் போறேன். குடுக்கறாங்களோ இல்லியோ. குடுத்தா மூணு வருசம்."

"சரி."

"மாசா மாசம் வர முடியாது. தீபாவளிக்கும் சொல்ல முடியாது."

"சரிம்மா."

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லாத. அப்படித்தான் ஓசூருக்கும் போ போன்னு சொன்ன."

தாமோதரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பித்தானைப் போட்டார். ஒன்று விட்டுப்போயிருந்தது, கழற்றி மறுபடி போட்டார்.

"கஷ்டமா இருக்கும்" என்றார்.

வாணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியும்" என்றாள். பிறகு சரத்திடம் சொல்ல ஃபோனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.