பெரிய மதர் மூடி வைத்த பக்கம்

அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் முதலில் கண்ணில் படுவது, சட்டம் போட்டு மாட்டிய ஒரு தாள்தான். ‘நல்ல ஆசிரியரின் பன்னிரண்டு குணங்கள்.’ அந்தக் கன்னியர் சபையைத் தொடங்கிய பெரிய மதர் தன் கையால் எழுதியது என்று சொல்வார்கள். அவர் இறந்து எண்பது வருஷமாகியும், அந்தச் சபைப் பள்ளிகளில் வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் பொறுமை, பணிவு, கனிவு என்று பன்னிரண்டையும் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பார்.

துணைத் தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் ஒரு படி மேல். அந்தப் பன்னிரண்டையும் பிசகாமல் கடைப்பிடிப்பதாகவே நம்பியிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘அடிஸ்கேல்’. அவர் யார் மேலும் கை வைத்ததில்லை. பேச்சும் நடையும் கோடு போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய மதருக்குப் புனிதர் பட்டம் கேட்டு விண்ணப்பிக்கும் வேலை தொடங்கியபோது, வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு சிஸ்டர் தலையில் விழுந்தது. மடத்து மாடியில் ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டுகள். மதியச் சாப்பாடு முடிந்ததும் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து வந்தார். நாலாம் நாள், இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைக் கத்தி நுனியால் பிரித்தார். உள்ளே அந்தப் பன்னிரண்டும் இருந்தன. ஆனால் தலைப்பு வேறு.

‘எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை இன்று எழுப்பி நிற்கவைத்து, வகுப்பைச் சிரிக்க விட்டேன். அவள் இனி வரமாட்டாள். அவளிடம் நான் தவறியவை இவை.’

அதன் கீழேதான் பொறுமை. அதன் கீழே பணிவு. கடைசியில் வேறு மையில் இரண்டு வரி: ‘ஆறு மாதமாகிறது. வாசிப்பு வகுப்பில் அவள் குரல் கேட்கிறது. மற்றவர்களுக்குக் கேட்பதாகத் தெரியவில்லை.’

 சிஸ்டருக்கும் ஒருத்தி இருந்தாள்.

பதினெட்டு வருஷம் முன்னால், ஐந்தாம் வகுப்பு. திக்குவாய்ப் பெண். ‘பறவை’ என்ற சொல்லில் சிக்கிக்கொண்டு “ப... ப...” என்று நின்றாள். “மெதுவா வாசிம்மா, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கோம்” என்றார் சிஸ்டர். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் வகுப்பு அப்படிச் சிரித்தது. அந்த வாரமே அவள் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனாள். கையெழுத்துப் போட்டது சிஸ்டர்தான்.

அந்தப் பக்கத்தைப் படித்த மறுநாள், ஐந்தாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து “ப... ப...” என்று கேட்டது. திரும்பினார். நாற்பது பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு பேசினது?”

“யாரும் பேசல சிஸ்டர்.”

அதற்கடுத்த நாளும் கேட்டது. பட்டப்பகலில், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கையில். சிற்றாலயத்தில் செபப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதல் சொல்லுக்கு முன்னால் அது வந்து நின்றது.

மடத்துத் தலைவியிடம் பக்கத்தைக் காட்டினார். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு நோட்டை மூடினார்.

“இதை எதுக்குக் கிளறணும்? பட்டம் கேக்குற நேரத்துல நாமளே அவங்க தலையில மண்ணள்ளிப் போடணுமா?”

“அவங்களே எழுதினது மதர்.”

“எழுதினாங்க, ஒட்டி மூடி வச்சாங்க. நாமளும் மூடியே வைப்போம்.”

சிஸ்டர் பழைய பதிவேட்டில் அந்தத் திக்குவாய்ப் பெண்ணின் முகவரியைத் தேடினார். அங்கே போனால் வீடு மாறியிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா கைகாட்டிய தெருவில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில் ஒரு தையல் கடை. கழுத்தில் அளவு நாடாவோடு மெஷினில் இருந்தவள் நிமிர்ந்தாள். பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள்.

“உ... உ... உட்காருங்க சிஸ்டர்.”

சிஸ்டர் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

“இப்பல்லாம் எனக்குத் திக்குறதே இல்ல. வீட்டுக்காரர் வாயாடின்னுதான் சொல்வாரு. உங்களப் பாத்ததும் நா... நாக்கு ஒட்டிக்கிச்சு.”

“உங்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்மா.”

அவள் துணியின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. என்னால இன்னைக்குச் சொல்ல முடியல. என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவளும் திக்குறா. உங்க பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து திரும்பிட்டேன். அவ வாசிக்கையில மத்ததுங்க சிரிச்சா நீங்க என்ன செய்வீங்க?”

பன்னிரண்டு குணங்களும் சிஸ்டரின் நாக்கு நுனியில்தான் இருந்தன. 

“தெரியலம்மா.”

“அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சவங்களா இருந்தீங்க” என்றாள் அவள். அதற்கப்புறம் மெஷினை ஓட்டத் தொடங்கினாள். சிஸ்டர் படியிறங்கினார்.

பெரிய மதரின் நினைவு நாள் காலை, வகுப்புக்கு முன் ஆசிரியர்களெல்லாம் கூடியிருந்தார்கள். வழக்கமாகப் பன்னிரண்டையும் ஒருவர் வாசிப்பார். அன்றைக்கு சிஸ்டர் எழுந்து ஒட்டியிருந்த பக்கத்தை வாசித்தார். கடைசி இரண்டு வரியையும் விடவில்லை. பிறகு பறவையில் சிக்கிய பிள்ளையைப் பற்றிச் சொன்னார். மடத்துத் தலைவி பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

 ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த ஓவிய ஆசிரியர், மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கும் ஒருத்தன் இருக்கான் சிஸ்டர். இடது கைக்காரன்.” கணக்கு டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குள் போகும் சத்தமும் கேட்டது. ஆசிரியர்களில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

வாழ்க்கை வரலாற்றை வேறொரு சிஸ்டர் எழுதி முடித்தார். அந்தப் பக்கம் அதில் இல்லை. இந்த சிஸ்டரைத் துணைத் தலைமையிலிருந்து இறக்கி, தொலைவில் இருந்த சின்னப் பள்ளிக்கு மாற்றினார்கள். என்ன வகுப்பு வேண்டும் என்று அங்கே கேட்டபோது, வாசிக்கத் தொடங்குகிற வகுப்பைக் கொடுங்கள் என்றார். தையல்காரிக்குப் புது முகவரியை ஒரு அட்டையில் எழுதி அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை.