விளக்கு எரியாத பெட்டி

ஆராய்ச்சிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணனின் கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து, குடிக்கத் தகுந்த அளவுக்கும் கீழே இறங்கிவிட்டதாகக் கருவி காட்டியது. சும்மாவா! ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை. நுண்ணிய வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தகட்டைத் தண்ணீரில் போட்டு, மூடிய பெட்டிக்குள் ஊதா விளக்கின் கீழ் நான்கு மணி நேரம் வைக்கவேண்டும். ஒளி பட்டால் அந்தப் பொடி மருந்தைச் சுக்குநூறாக உடைத்துவிடும். அதே தகடுகள் அண்ணன் வீட்டுத் தொட்டியிலும் வெயிலில் கிடக்கின்றன. லாரித் தண்ணீரில் காலம் தள்ளும் அந்த வீடு, இவள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தது.

சொல்லிவிட்டாள். “அண்ணா, வேலை செய்யுது! தொட்டித் தண்ணிய தாராளமா குடிங்க!”

“அடி சக்கை! இரு, உன் அண்ணிகிட்ட சொல்லிட்டு வர்றேன்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து விளக்கைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. நான்கு மணி நேரம் எரிந்த விளக்கு கையைச் சுட்டிருக்க வேண்டாமா? ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், பிளக் தரையில் கிடக்கிறது. அது இருக்கவேண்டிய இடத்தில் அவளுடைய போன் சார்ஜர். அண்ணனிடம் பேசும்போது சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதென்று காலையில் அவளே செருகியது! கண்ணுக்கு ஆகாத ஒளி என்று பெட்டியை மூடியே வைப்பதால் விளக்கு எரியாததை யாரும் பார்க்கவில்லை.

அப்படியானால் மருந்து உடையவே இல்லை. பொடியில் ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது; எப்போது வேண்டுமானாலும் தண்ணீருக்குத் திரும்பும். தொட்டியில் வெயில் பட்டாலும், அங்கே மருந்து உடைந்ததா, ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறதா என்பதற்கு இனிச் சான்றில்லை. மானம் போனால் போகட்டும் என்று மறுபடி கூப்பிட்டாள்.

“அண்ணா, குடிக்காதீங்க! விளக்கே எரியல. பார்க்காம உளறிட்டேன்.”

“பாப்பா, டம்ளர கீழ வை!” என்று அண்ணன் தன் மகளிடம் கத்துவது கேட்டது. ஏதோ உருண்டது. பிறகு தண்ணீரைக் கொட்டும் சத்தம்.

“யாரும் வாயில வைக்கல” என்றார் திரும்பி வந்து.

அவள் அழுதுவிட்டாள். “திட்டுங்கண்ணா.”

“நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னத் திட்டுறது? மருந்து டப்பா கிணத்துல கவிழ்ந்தத அன்னிக்கே பார்த்தேன். சொல்ல தைரியம் வரல. மூணு நாள் எல்லாரையும் குடிக்க விட்டேன்.” அவர் குரல் உடைந்தது. “நீ அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டுட்டே. போ, விளக்கப் போடு.”

அவள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, விளக்கின் பிளக்கைச் செருகினாள்.