கந்தகத் திரி

ஐஸ் தொழிற்சாலையில் அவருக்கு மூக்கர் என்று பெயர். தண்ணீரை உறைய வைக்கும் அம்மோனியா வாயு துளி கசிந்தாலும் வாசல் கேட்டிலேயே மோந்து சொல்லிவிடுவார். இருபது வருட மெக்கானிக் வேலையில் அவர் சம்பாதித்தது அந்தப் பெயர்தான். மூன்று மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கைச் சாகடித்துவிட்டுப் போனது. வீட்டில் மனைவிக்குத் தெரியும். இங்கே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். அதைவிட, பெயர் போகும்.

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐஸ் கட்டி பாவம், அதன் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு வைத்த இடத்தில் கிடக்கும். தண்ணீரின் துகள்கள் நழுவி ஓடினாலும் பள்ளத்தில் போய்ப் பிடித்துவிடலாம். இந்த வாயுவை எங்கே போய்ப் பிடிப்பது? குழாய்க்குள் அழுத்தத்தில் திரவமாய் அடங்கிக் கிடப்பது, ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், துகள் துகளாகப் பிய்த்துக்கொண்டு பறந்து அறை முழுக்க நிரம்பிவிடும். கண்ணுக்கும் தெரிந்து தொலைக்காது. அதனால் அரை மணிக்கு ஒரு தடவை கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் காட்டிக்கொண்டு அலைந்தார். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும்.

ஒரு நாள் திரி தீர்ந்துபோனது. புதிது கேட்கப் போனபோது ஸ்டோர்காரர் சிரித்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க திரி? மூக்கு என்ன லீவா?"

மூக்கர் அசடு வழியச் சிரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

இயந்திர அறை வாசலில் மச்சினன் நின்றிருந்தான். மனைவியின் தம்பி, இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை.

"மாமா, லேசா வாடை வர்ற மாதிரி இருக்கு. உங்களுக்கு?"

 எனக்கு வாடையே தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாழாய்ப்போன வாய் வரவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா."

"நீங்க சொன்னா சரி." உள்ளே போய்விட்டான்.

மூக்கர் நாலடி நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. கதவருகே மீண்டும் வந்தபோது வாயுவின் காரத்தில் கண் எரிந்து நீர் கொட்டியது.

"வெளிய வாடா! ஓடி வா!"

கத்திக்கொண்டே வெளிச்சுவரில் இருந்த வால்வைத் திருகி மூடினார். மச்சினன் இருமிக்கொண்டு தள்ளாடி வந்து விழுந்தான். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி அவன் கண்ணையும் முகத்தையும் கழுவினார். அவன் மூச்சு சீரான பிறகுதான் இவருக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"மூக்கர்னா சும்மாவா!" என்றார் ஸ்டோர்காரர்.

"மூக்கு செத்து மூணு மாசமாச்சு" என்றார் மூக்கர், எல்லோருக்கும் கேட்கும்படி. "இவனுக்குத்தான் வாடை தெரிஞ்சுது. நான்தான் இல்லேன்னுட்டேன்."

 மச்சினன் சிவந்த கண்களைத் திறந்து அவரைப் பார்த்தான்.

"உங்களுக்கு வாடை தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் உள்ளயே போயிருக்க மாட்டேனே மாமா" என்றான்.