மாடிக்கு வந்த வெங்காயம்

1

இந்தக் கதை ஒரு வெங்காயத்திலிருந்து வந்தது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் அல்ல. [இந்த வேறுபாடு கதைக்குத் தேவையா என்று பிறகு பார்க்க வேண்டும்.]

மயிலாப்பூரில் காமாக்ஷி மாமி வீட்டு மாடியறையை வாடகைக்கு எடுத்து, மாலையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். இப்போது செல் பாடம். வகுப்பு முடிந்ததும் என்ன நடத்தினேன், எங்கே உளறினேன் என்று டைரியில் எழுதுவது வழக்கம். வெள்ளிக்கிழமை ஒரே வரிதான் வந்தது: “இன்று மாமி வீட்டுக்குள் வெங்காயம் நுழைந்தது.” படித்துப் பார்த்தால் வில்லன் வரும் தோரணை. டைரிக்கு ஆகாது, கதைக்கு ஆகும் என்று தோன்றியது.

தொடக்கம், முதல் முயற்சி: “மயிலாப்பூரின் மாலைப் பொழுது மல்லிகை மணத்தோடு

இல்லை. தெருமுனையில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். மாலையில் சிமெண்ட் தூசிதான் மணக்கிறது.

இரண்டாம் முயற்சி: “ஒவ்வோர் உயிரும் ஒரு செல்லிலிருந்தே

இதைப் பாடப்புத்தகம் என்னைவிட நன்றாகவே சொல்லியிருக்கிறது.

2

நாயகி வேண்டும். பொன்மணி இருக்கிறாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம்; பள்ளிக்கூடம் மட்டும் இன்னும் மயிலாப்பூரில். அவளைப் பற்றி இப்படி ஆரம்பித்தேன்: “பொன்மணியின் அம்மா பிரியாணிக் கடையில் மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்குகிறவர். ஆகவே அவளுக்கு வெங்காயம் உரிப்பது

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னா மிஸ், கப்ஸா வுடுறீங்க? எங்கம்மா ஐடி கம்பெனில ஹவுஸ்கீப்பிங். எங்க வூட்ல வெங்காயம் உரிக்கிறது எங்கண்ணன். எனக்குக் கண்ணு எரியும்.”

“கதைன்னா கொஞ்சம் மாத்தலாம் பொன்மணி.”

“மாத்தலாமா? அப்ப என்னைய ஹைட்டா எழுதுங்க.”

பொன்மணி உயரமானவள்.

பிரச்சினை இதுதான். பள்ளியில் செய்முறைத் தேர்வு. வெங்காயத்தின் உள்தோலை உரித்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். பொன்மணி அழகாக வரைந்தாள். செல்லின் நட்டநடுவில், கறுப்பு விளிம்போடு கச்சிதமான ஒரு வட்டம். அம்புக்குறி போட்டு ‘உட்கரு’ என்று எழுதினாள். அது காற்றுக்குமிழி. வெங்காயத்தில் உட்கரு அப்படிச் சபைத் தலைவர்போல நடுவில் உட்காராது. பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும்.

திங்கட்கிழமை மறுபடி செய்துகாட்ட வேண்டும், மறுபடியும் குமிழியை வரைந்தால் காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடுவேன் என்று பள்ளி ஆசிரியர் சொல்லிவிட்டார். பொன்மணிக்கோ ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குப் போக வேண்டும்.

“டாக்டர்லாம் இல்ல மிஸ். டாக்டரு நம்பி மாத்திர குடுக்கறாரே, அந்த ரிப்போர்ட்ட எழுதறவ.”

[குமிழியை உட்கரு என்று எழுதுகிறவள் ரத்தத்தில் என்னென்ன கண்டுபிடிப்பாள் என்று நான் நினைத்தேன்.]

நியாயமாகப் பார்த்தால் அவள் என் மாணவி. வெங்காயத்தை என்னிடமே பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. இந்த வீட்டில் வெங்காயத்துக்கு இடமில்லை என்று முதல் நாளே வகுப்பில் அறிவித்திருந்தேன். படிக்கட்டுத் தொட்டியில் வளரும் ரியோ செடியின் ஊதா இலையைத்தான் உரித்துக் காட்டினேன். அதற்குச் சாயம்கூட வேண்டாம்.

3

வெங்காயக் கடத்தலுக்கு யோசனை சொன்னவன் ஷ்ரவண், அதே வகுப்புப் பையன். இரண்டு தெரு தள்ளி வீடு.

“எங்காத்துல வெங்காயம் உண்டு மிஸ். அமாவாசைக்குத்தான் கிடையாது. நான் கொண்டு வரேன்.”

ஷட்டில் மட்டை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். படியில் காவலுக்கும் உட்கார்ந்தான். மாமி வந்தால், பாடம் ஒப்பிப்பதுபோல “மைட்டோசிஸ்” என்று கத்த வேண்டும்.

பொன்மணி உரித்தாள். முதல் தோல் மடிந்துபோயிற்று. அடுத்ததில் குமிழி.

“தோ, மறுபடி முட்டை கீது மிஸ்.”

“மேல மூடற கவர்ஸ்லிப் கண்ணாடிய சாய்ச்சு வைம்மா. ஊசியால தாங்கி மெதுவா எறக்கு. தொப்புனு போட்டா காத்து மாட்டிக்கும்.”

“மைட்டோசிஸ்! மைட்டோசிஸ்!”

கத்தல் வந்தபோது மாமி ஏற்கெனவே வாசலில் நின்றார்.

“என்னடா வாசனை?”

“கெமிக்கல், மாமி,” என்றான் ஷ்ரவண்.

“எங்காத்துக்காரர் உரக் கம்பெனில இருந்தவர்டா. எனக்கே கெமிக்கல் காட்டறியா? இது வெங்காயம்.”

[இங்கே கொஞ்சம் நிற்கலாம். மாமி நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, செல்களைக் கண்டு, மனம் இளகுவதாக ஒரு பக்கம் எழுதினேன். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் மாமிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிச் சொட்டு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் குழாயிலும் கண்ணை வைக்க மாட்டார். எங்களை வெளியே அனுப்புவதாக இன்னொன்று எழுதினேன். மாமி இதைப் படிப்பார். எனக்கு அறை வேண்டும். இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்ததே இருக்கட்டும்.]

நான் எழுந்து கைகூப்பினேன். “மன்னிச்சுடுங்க மாமி. வெங்காயம் கூடாதுன்னு நீங்க சொல்லியும்...”

“நான் எப்போ சொன்னேன்?”

“ரூம் பாக்க வந்த அன்னிக்கு. சாப்பிட்டுட்டுப் போன்னு இலை போட்டீங்க. ‘நம்மாத்துல வெங்காயம் சேக்கறதில்லை’ன்னு...”

“ராமா! சாம்பார் உனக்கு ருசிக்காதோன்னு பயந்துண்டு முன்னாடியே சொல்லி வெச்சேன். நான் திங்கறதில்லேன்னா நீங்க உரிச்சுப் பாக்கக் கூடாதா? அடுக்களைக்குக் கொண்டு வராதீங்கோ, அவ்வளவுதான்.” திரும்பிப் படியிறங்கியவர் நின்றார். “வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ, கொழந்தே?”

ஷ்ரவண் சிரிக்கப் பார்த்து, பொன்மணியின் முகத்தைக் கண்டு நிறுத்தினான்.

“அப்ப நீங்க கேக்கவே இல்லியா மிஸ்? நீங்களா முடிவு பண்ணிக்கினு, எனக்கு எலைய காட்டிக்கினு இருந்தீங்களா?”

இந்த இடத்தில் வைக்க நல்ல பதில்கள் பிறகு நிறையத் தோன்றின. அப்போது நான் செய்தது, மீதி வெங்காயத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்ததுதான். ஆகவே இங்கேயும் அவ்வளவுதான்.

4

சனியும் ஞாயிறும் பொன்மணி தோல் தோலாக உரித்தாள். குமிழி வந்தால் “டூப்பு” என்றாள். ஓரத்தில் சிவப்பேறிய உட்கரு தெரிந்தால் “ஆளு”. சில தடவை ஆளையே டூப்பு என்றாள்.

நேற்று இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிவைத்தேன். ஒன்றில் பாஸ், மற்றதில் ஃபெயில். அவள் இரண்டையும் படித்தாள்.

“பாஸுன்னு போட்டு, நான் ஃபெயிலாயிட்டா, கதைல கீறவ யாரு மிஸ்?”

“அப்ப ஃபெயில்னே போடட்டா?”

“போட்டுத்தான் பாருங்களேன்.”

கிழித்துவிட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டு, “நாளைக்கு வருவேன்ல. என்னையக் கேளுங்க,” என்றாள்.

இன்று திங்கள். மாலை. படியில் யாரோ ஏறுகிற சத்தம். பொன்மணிதான்; ஷ்ரவணாக இருந்தால் இந்நேரம் ஓடி வந்திருப்பான். ஒவ்வொரு படியாக, மெதுவாக ஏறுகிறாள். அந்த மெதுவை வைத்தே எனக்கு ஒரு முடிவு எழுத வருகிறது. அழகான, சோகமான முடிவு. அதைத் திருப்பிப் போட்டால் இன்னும் அழகாக ஒன்று. என் கை பரபரக்கிறது. உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். உங்களுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடிவிட்டு, கதவைத் திறந்து, வாயையும் திறந்து,

“பொன்மணி, இன்னிக்கு ஸ்லைடுல