மஞ்சள் தாள் கெல்வினுக்கு

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கவனக்குறைவில் பிறந்தது. பர்னி துறைமுகத்துக்கு மேலே, குடியை விட வருகிறவர்களுக்கான சிகிச்சை நிலையத்தில் பதினோரு வருடமாக வரவேற்பு மேசை எனக்கு. ஆண்களுக்கு நீலக் கேள்வித் தாள்: சண்டை, போலீஸ், விபத்து. பெண்களுக்கு மஞ்சள்: தூக்கம், பயம், அழுகை. (யார் இப்படிப் பிரித்தார்கள் என்று நானும் கேட்டதில்லை.) ஒரு நாள் இரண்டு பேருக்குத் தாளை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

2

'கடல் சீறிய ஒரு காலையில், துயரமே உருவான கெல்வின் என்ற மீனவர்...'

வேண்டாம். கெல்வின் அப்படியில்லை. சிங்கி இறால் பிடிப்பவர்; அவர் சிரித்தால் என் மேசையில் பேனா உருளும். அன்று மஞ்சள் தாளைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தும் நொலீன், நீலத் தாளை ஆசை ஆசையாக நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"கெல், யாரையாவது அடிச்சிருக்கியான்னு கேக்குறாங்க! இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட என்கிட்ட இதைக் கேட்டதில்ல."

"அடிச்சிருக்கியா?"

"குடிச்சுட்டு என் நாத்தனார் புருசன் மூக்கை உடைச்சேன். உறைஞ்ச கோழியால."

"முழுக் கோழியா?"

"கிறிஸ்துமஸ் கோழிய்யா!"

பேனா உருண்டது. பிறகு அவர் குரல் இறங்கியது.

"என் தாள்ல, தனியா அழுவியான்னு இருக்கு."

"அழுவியா?"

"படகுல. இன்ஜின் சத்தத்துல யாருக்கும் கேக்காது. குடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே உண்டு."

"அப்ப எழுதித் தொலையேன்யா."

எழுதினார்.*

* இவ்வளவு சுலபமாகவா என்று எனக்கே சந்தேகம். எழுதாமல் வீட்டுக்குப் போவதாகவும் ஒரு வரைவு உண்டு. அதை அடித்துவிட்டேன்; முன்பு நீலத் தாளோடு அவர் மூன்று முறை அப்படித்தான் போயிருக்கிறார்.

3

டாக்டர் ஊனா கெல்வினோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். குடிக்கு மட்டுமல்ல, மனச்சோர்வுக்கும் அன்றுதான் மருந்து தொடங்கியது. மஞ்சள் தாளையே நிரப்பிவந்த நொலீனுக்கு அதுவரை தூக்க மாத்திரைதான் கிடைத்திருந்தது. எவ்வளவு குடிக்கிறாள் என்று யாரும் குடைந்து கேட்டதில்லை. இப்போது தன் விரல்கள் போதாமல் டாக்டரின் விரல்களையும் சேர்த்து எண்ணினாளாம்.

4

முடிவு (அ): இருவரும் அடியோடு விட்டார்கள். (ஆ): இருவரும்...

இரண்டும் பொய். கெல்வின் குடிக்காமல் இன்றோடு நாற்பத்தொரு நாள். நொலீன் ஒருமுறை வழுக்கி, மறுபடி ஒன்பது. இனி எல்லோருக்கும் ஒரே தாள் தயாரிக்கும்படி நிலையத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எதை முதலில் கேட்பது என்று என் மேசையில் சாய்ந்துகொண்டு இருவரும் சண்டை.

"கோழியைப் பத்தி முதல்ல கேளுங்க. அழுகை தானா வரும்."

"அழுகையை முதல்ல கேளுங்க. அப்புறம் இவ கோழியை எடுக்கவே மாட்டா."

முதல் கேள்விக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். உங்களிடம் எதை முதலில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களோ, அதை எழுதிவிடுங்கள்.