எத்தனை பவுண்டு காற்று

உத்திரமேரூர் பஸ் நிலையத்தருகே பஞ்சர் கடை வைத்திருந்த வேதகிரிக்குப் பித்தப்பையில் கல். சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர், வயிற்றுக்குள் காற்றை நிரப்பித்தான் ஆபரேஷன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தினி பவுண்டு ஏத்துவீங்கோ?"

மயக்க மருந்து டாக்டர் ஜெயப்பிரியாவை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "கால் பவுண்டு கூட வராது" என்றார்.

"அதுல சைக்கிள் டியூப்பே எழுந்திருக்காதே!"

"காத்து கம்மிதான். ஆனா அது கார்பன் டை ஆக்சைடு. ரத்தத்துல கலக்கும், நுரையீரலையும் கீழேருந்து அமுக்கும். நீங்க முழுசா தூங்கிட்டா, வாயில குழாய் வச்சு மெஷின் மூச்சு விடும். ஏறுற கேஸை அதுவே வெளியே தள்ளிடும். முதுகுல ஊசி போட்டா முழிச்சிருக்கலாம். ஆனா கேஸைத் தள்ளுற வேலை உங்களோடது. பீடி குடிச்ச நெஞ்சு வேற. தூங்கிடுறதுதான் நல்லது."

"நாப்பத்தெட்டு வருசமா நான்தான மூச்சு வுட்டுக்கினு கீறேன்? முதுகுலயே போடுங்கோ. ஏத்துன காத்த எறக்குனாங்களான்னு யாரு பாக்குறது?"

மனைவி செங்கேணி தலையில் அடித்துக்கொண்டாள். நடுவில் தேவைப்பட்டால் தூங்க வைப்பேன் என்ற நிபந்தனையோடு ஜெயப்பிரியா ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஊசி போட்டதும் மார்புக்குக் கீழே மரத்துப்போனது. சர்ஜன் முத்துவேல் காற்றை ஏற்றினார்.

"ஐயோ! வயித்த வுட்டுட்டு தோள்ல இன்னா பண்றீங்கோ?"

"தோளை யாரும் தொடல. காத்து உள்ளே மேல முட்டினா வலி தோள்ல தெரியும்" என்றார் ஜெயப்பிரியா.

முத்துவேல் அழுத்தத்தைக் குறைத்தார். வலி அடங்கியது. வேதகிரி பேச ஆரம்பித்தார். மாகறலில் மச்சான் வாங்கிய டிராக்டரின் பின் டயரைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். அவர் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் எண் முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏறியது.

"பேசாதீங்க. ஆழமா மூச்சு விடுங்க."

"வுடுறேம்மா." இரண்டு முறை விட்டார். "அந்த டயர் கீதே..."

எண் ஐம்பத்திரண்டு. ஜெயப்பிரியா அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தூங்க வைக்கும் மருந்தைச் செலுத்தினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செங்கேணிக்குக் கதவைத் தாண்டிக் கணவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது சட்டென்று நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"அந்தாளு பேச்சு நின்னுபோச்சும்மா! இன்னா ஆச்சோ!"

நர்ஸ் இந்து எட்டிப் பார்த்தாள். "தூங்க வச்சிருக்கோம்மா. மெஷின் மூச்சு விடுது. ரத்தத்துல ஏறுன கேஸ் இறங்கிட்டு வருது."

செங்கேணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

பிற்பகலில் வார்டில் வேதகிரி கண்விழித்தார். "பாத்தியா, கடைசி வரைக்கும் முழிச்சிக்கினே இருந்தேன்" என்றார் செங்கேணியிடம், கரகரத்த குரலில்.

"குழாய் வச்சதுல தொண்டை புண்ணா இருக்கும். ரெண்டு நாள் ரொம்பப் பேச வேணாம்" என்றார் ஜெயப்பிரியா.

"ஒரு வாரம்னு எழுதிக் குடுங்கோ டாக்டரம்மா" என்றாள் செங்கேணி.

வேதகிரி சண்டைக்கு வாயைத் திறந்தார். குரல் எழவில்லை. செங்கேணி சிரித்தாள். பிறகு, யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.